தாமரை இலையில் ஒரு பாண்டியாட்டம்

நாணல்குளத்துத் தவளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் மழைக்குப் பாடியே ஆகவேண்டும். ஆனால் எல்லாரும் ஒன்றாகப் பாடக் கூடாது. கிழக்குக் கரை நாலு தரம் கத்தும்போது மேற்குக் கரை வாயை மூடிக்கொள்ளும். பிறகு மேற்குக் கரையின் முறை. நடுக்குளத்துத் தண்ணீர்ப்பாம்புக்கு எந்தப் பக்கம் போவதென்றே தெரியாது. யாராவது முறை தப்பிக் கத்தினால், அன்றைக்குப் பாம்புக்கு அதுதான் சாப்பாடு.

குட்டித் தவளைகளுக்கு வித்துவான் குண்டோதரர் பாடம் நடத்தினார்.

"கையைக் கட்டு. கண்ணை மூடு. காலை ஆட்டாதே. எண்ணு, ஒன்று, இரண்டு..."

மூன்று வருவதற்குள் பாதி வகுப்பு தூங்கிவிட்டது. குமிழி என்கிற குட்டி தொப்பென்று தண்ணீரில் விழுந்து, திடுக்கிட்டுத் தப்பான இடத்தில் கத்தினாள்.

"மழைக்கு இன்னும் மூணே நாள். பாம்பு வாய்க்குள் உட்கார்ந்துதான் பாடப்போகிறாய்" என்றார் வித்துவான்.

குமிழி அழுதாள். வளைக்குள்ளிருந்து நண்டு செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

"வித்துவானே, தவளைக்குத் தாளம் காலில் இருக்கிறது. காலைக் கட்டிப்போட்டுவிட்டு வாயைத் திற என்றால் எப்படி?"

"நேராக நடக்கத் தெரியாத உனக்குத் தாளம் எங்கே தெரியும்?"

"எட்டுக் காலும் சிக்காமல் நடக்கிறேனே, தாளமில்லாமலா?"

செங்கமலம் அக்கா கரைக்கு நாலாகத் தாமரை இலைகளைப் பரப்பினாள். ஓர் இலைக்கு ஒரு குதி, ஒரு குதிக்கு ஒரு கத்தல். எதிர்க்கரை குதிக்கும்போது அசையாமல் குந்தியிருக்க வேண்டும். தப்பினவர் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க வேண்டும். முதல் நாள் குமிழி குளத்தையே பக்கவாட்டில் சுற்றிவந்தாள். மூன்றாம் நாள் ஒரு தப்பும் இல்லை.

"இது பாட்டா, கூத்தா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் வித்துவான்.

மழை வந்தது. பாம்பு தலையைத் தூக்கியது. கிழக்கே நாலு குதி, நாலு கத்தல். பாம்பு கிழக்கே திரும்பியது. அங்கே சத்தமில்லை, மேற்கே நாலு. கிழக்குக் கரையில் குமிழிக்குத் தொண்டை அரித்தது. ஆனால் கால் குந்தியிருந்தது, அதனால் வாயும் திறக்கவில்லை.

ஒரே ஒருவருக்குத்தான் எண்ணிக்கை தப்பியது. மேற்குக் கரையில் கண்ணை மூடி, இரு கரைக்கும் சேர்த்து எட்டு வரை எண்ணிக்கொண்டிருந்த குண்டோதரர், பயத்தில் ஏழுக்குப் பிறகு ஆறு என்று போய், மேற்குக் கரை நாலையும் முடித்து அடங்கிய பிறகு "க்ராக்!" என்றார். பாம்பு அவரை நோக்கிப் பாய்ந்தது.

அதற்குள் கிழக்குக் கரையின் முறை வந்துவிட்டது. குமிழி எல்லாருக்கும் முன்னால் எம்பிக் குதித்தாள். நாலு கத்தல்! பாம்பு திரும்பியது. மேற்கே நாலு! மறுபடி திரும்பியது. திரும்பித் திரும்பிக் கடைசியில் அதன் கழுத்தும் வாலும் சடைபோலப் பின்னிக்கொண்டன. அந்தப் பின்னலை அவிழ்க்கப் பாம்புக்குத் தை மாதம் வரை ஆயிற்று என்பது கலப்படமில்லாத உண்மை.

குண்டோதரர் மூச்சு வாங்கிக்கொண்டு முதல் இலைக்கு வந்தார். "அக்கா, வலது காலா, இடது காலா?"

"எதுவானாலும் சரி, இலை தாங்கினால் போதும்" என்றாள் செங்கமலம்.

குழந்தைகளை அசையாமல் உட்காரவைத்துப் புகட்டும் பாட்டு தூக்கத்தில் கரைந்துபோகும். ஆடவிட்டு, குதிக்கவிட்டுச் சொல்லித்தரும் பாட்டே ஆபத்திலும் தாளம் தப்பாது.