அடுப்பங்கரையில் அடித்த முளை

கடல் இப்போது நிற்கிற இடத்தில் மனிதர்கள் குடியிருந்த காலத்தில், மணலூரை ஒரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. எதையும் நேரில் போய்ப் பார்க்காதவன், அவ்வளவுதான். அது எத்தனை பெரிய கேடு என்று கேளுங்கள். கேட்டுக் கோபம் வந்தால் வரட்டும், சொல்கிற எனக்கும் வருகிறது.

அவனுக்குக் கடலோரம் ஒரு வசந்த மண்டபம் இருந்தது. அதன் படியில் அலை ஏறக்கூடாதென்று கடலுக்குள் நீளமாகக் கல்லணை கட்டினான். தெற்கேயிருந்து கடல் கொண்டுவரும் மணலெல்லாம் அணையில் முட்டி மண்டபத்தின் முன் குவிந்தது. வடக்கே இருந்த தாழைக்குப்பத்துக்கு ஒரு பிடி மணல் வரவில்லை. அலை அந்தக் கரையைத் தின்னத் தொடங்கியது.

குப்பத்தில் கருவாடு விற்றுப் பிழைத்தவள் மாசாத்தி. ஒரு கூரைவீடுதான் அவள் சொத்து. முதல் ஐப்பசியில் வலை இழுக்கும் மணல் போனது. அவள் அரண்மனையில் போய் முறையிட்டாள்.

கரை நாற்பது அடிக்குக் குறைந்தால்தான் அணையில் கைவைக்கலாம் என்பது சட்டம். ராஜா கரை அளக்கும் சேந்தனை அனுப்பினான். அளக்க முளை வேண்டுமே என்று, சேந்தன் தண்ணீரிலிருந்து நாற்பது அடி தள்ளி, பனங்கட்டையில் சீவிய ஒரு முளை அடித்தான். பிறகு முளையிலிருந்து தண்ணீருக்கு அளந்தான். நாற்பது அடி இருந்தது. இராமல் எங்கே போகும்? குறைவில்லை என்று ஓலை எழுதினான்.

இரண்டாம் ஐப்பசியில் கருவாடு காயும் களம் போனது. பழைய முளை தண்ணீருக்குள் நின்றது. மறுபடி வந்த சேந்தன் ஊர்ப்பக்கம் தள்ளிப் புது முளை அடித்தான். குறைவில்லை என்று ஓலை எழுதினான்.

மூன்றாம் ஐப்பசியில் முன்வரிசை வீடுகள் போயின. இந்த முறை சேந்தன் அளந்துகொண்டே மாசாத்தியின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான்.

"அடுப்பைக் கொஞ்சம் நகர்த்தும்மா, முளை அடிக்கணும்" என்றான்.

மாசாத்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு அரண்மனைக்கு நடந்தாள். அவள் படி இறங்குமுன் சேந்தன் அடுப்பை ஒட்டி முளையை அடித்துவிட்டான்.

"கரை குறையலன்னே வச்சுக்குவோம், ராசா. அப்ப மொத வருசம் அடிச்ச முளை கரையிலதானே இருக்கணும்? ஒங்க அதிகாரி அதைத் தொட்டுக் காட்டட்டும். அதுக்கப்புறம் நான் வாயத் தெறக்கல. நீங்க கூட வந்து பாருங்க, அது போதும்."

ராஜா வந்தான். முதல் முளையில் மாட்டி வலைகள் கிழிந்ததால், மாசாத்தி அதில் கயிறு கட்டி ஒரு மிதப்புக்கட்டையை விட்டிருந்தாள். அது தூரத்தில் அலைமேல் ஆடியது. சேந்தன் கடலில் இறங்கினான். முழங்கால் நனைந்தது. இடுப்பு நனைந்தது. கழுத்து மூழ்கியது. மிதப்பு இன்னும் எட்டவில்லை. இரண்டு மீனவர்கள் குடுமியைப் பிடித்து அவனைக் கரையில் போட்டார்கள்.

"மூன்று வருஷமாக எதை அளந்தாய்?" என்றான் ராஜா.

"முளைக்கும் தண்ணீருக்கும் நடுவில் அளக்கச் சொன்னீர்கள், மகாராஜா. அளந்தேன்."

ராஜாவின் கை வாளுக்குப் போனது. மாசாத்தி குறுக்கே வந்து நின்றாள்.

"அவரு மேல மட்டும் பாயாதீங்க, ராசா. மூணு வருசமா ஓலை வந்துச்சு. நீங்க வரல."

ராஜா தலைகுனிந்தான். அன்றே அணையைப் பிரிக்க உத்தரவிட்டான். முதல் கல்லைத் தானே சுமந்தான். அடுத்ததைச் சேந்தன் சுமந்தான்.

ஆனால் போன மணல் மெதுவாகத்தான் திரும்பும். அடுத்த ஐப்பசி அதற்கு முன்பே வந்துவிட்டது. மாசாத்தியின் வீட்டை அடுப்போடு கடல் எடுத்துக்கொண்டது. முளை மட்டும் தண்ணீருக்குள் நின்றது. ராஜா மேட்டில் வேறு வீடு கட்டிக் கொடுத்தான். அவள் நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? தன் அடுப்பு இருந்த இடத்துக்குக் கட்டுமரத்தில் போய், அந்த முளையிலும் ஒரு மிதப்பைக் கட்டிவிட்டு வந்தாள்.

கேட்டவர்களே, நீதி இதுதான்: கேடு நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்காமல் வந்த ஓலையை நம்பி ஆள்கிறவன், பொய்யாக அளந்தவனைவிடக் குற்றத்தில் குறைந்தவன் அல்ல.