எல்லாரும் பார்த்த படம்

“நேர்மையான ஆளே கிடைக்க மாட்டேங்காங்கம்மா,” என்றார் அருமைநாயகம்.

வடிவாம்பாள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது அந்த இடம். ஆசிரமம் என்று பெயர். இருந்தது என்னவோ இரண்டு ஓட்டு வீடும் ஒரு பெரிய அடுப்படியும்தான். மதியம் வருகிறவர்களுக்குச் சோறு நிச்சயம். கேள்வியோடு வருகிறவர்களுக்குப் பதில் நிச்சயமில்லை.

அதை நடத்திய வடிவாம்பாள் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அருமைநாயகம் ஐம்பதைத் தாண்டியவர். இருந்தாலும் அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை அண்ணாச்சி என்பார். நான் குரு, நீ சீடன் என்று இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

அருமைநாயகம் நல்ல மனிதர். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, அவருக்கும் கிடையாது. அதுதான் கொஞ்சம் சிக்கல்.

“நாலு நாளாத் தூக்கம் இல்லம்மா,” என்றார் மறுபடியும்.

“உக்காருங்க,” என்றார் வடிவாம்பாள். “என்னன்னு சொல்லுங்க.”

அவர் சொன்னார்.

அவருடைய தொழில், பெரிய வேலைகளைத் துண்டு துண்டாக நறுக்கி இணையத்தில் ஒரு தளத்தில் போடுவது. எந்த ஊரிலோ இருக்கிறவர்கள், முகம் தெரியாதவர்கள், ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்து கொடுப்பார்கள். செய்த துண்டுக்குக் கூலி. கடை ரசீதைப் படித்துச் சொல்வது, படத்தில் இருப்பது மாடா நாயா என்று சொல்வது, இப்படி.

இந்த முறை வந்தது அப்படிப்பட்ட வேலை இல்லை. ஆனைப்பாழி தேயிலை எஸ்டேட்டில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருப்பு வரிசை வரிசையாக மண்ணுக்குள் போயிருந்தது. மீட்புக் குழு ட்ரோன் பறக்கவிட்டு மலை முழுவதையும் படம் எடுத்துவிட்டது. அத்தனை படத்தையும் உட்கார்ந்து பார்க்க அவர்களிடம் ஆள் இல்லை. அருமைநாயகத்தைக் கேட்டார்கள். அவர் லாபம் பார்க்கவில்லை. கூலியைக்கூடத் தன் கையிலிருந்து போட்டார்.

படங்களைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டித் தளத்தில் ஏற்றினார். ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வி. இதில் மனிதர் யாராவது தெரிகிறாரா? ஆம், இல்லை. எந்தச் சதுரத்துக்கு ‘ஆம்’ விழுகிறதோ அதை மீட்புக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அங்கே போய்த் தோண்டுவார்கள்.

“இன்னும் நிறையப் பேரு கிடைக்கல. உசுரோட இருந்தா இன்னைக்கு நாளைக்குள்ள எடுத்தாத்தான் உண்டு. இங்க என்னடான்னா பாதிப் பேரு படத்தப் பாக்காமலே அமுக்குதாங்க. அங்க மனுசன் மண்ணுக்குள்ள கிடக்கான். இவனுக்குக் கூலிதான் கண்ணு.”

“பாக்காம அமுக்குதாங்கன்னு எப்படித் தெரியும்?”

அருமைநாயகத்தின் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக ஒரு தெளிவு வந்தது. இது அவருக்குப் பாடமான விஷயம். நடுநடுவே சோதனைப் படம் வைப்போம் என்று விளக்கினார். அதற்குச் சரியான பதில் என்ன என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவோம். எது சோதனை, எது நிஜம் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. வேலைக்கு வருகிற எல்லாருக்கும் அந்தப் படங்கள் கட்டாயம் வரும். தப்பாகச் சொன்னால் பிடிபட்டான்.

“பிடிபட்டா?”

“உடனே வெளிய. கூலியும் கிடையாது. அவன் அதுவரைக்கும் சொன்ன பதிலெல்லாம் குப்பைக்கு. மெஷினே பாத்துக்கும்.”

“நிறையப் பேரு வெளிய போனாங்களா?”

“பாதிக்கு மேல போயிட்டாங்கம்மா. எடுத்த எடுப்புலயே களையெடுத்தாச்சு. இப்ப மிச்சம் இருக்கதெல்லாம் தங்கம்.”

“தங்கம் என்ன கண்டுபிடிச்சுது?”

“ஒண்ணும் இல்லம்மா. ஒரு ‘ஆம்’ கூட உருப்படியா வரல.”

வடிவாம்பாள் பூசணித் துண்டுகளை அண்டாவில் தள்ளினார். அடுத்த காயை எடுத்தார். அருமைநாயகம் தன் மனக்குறையை முழுக்க இறக்கி வைக்காமல் போவதாக இல்லை. வெளியே தள்ளப்பட்டவர்கள் சும்மா இருப்பதில்லை, புகார் எழுதுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், திட்டுகிறார்கள் என்றார். படித்துப் படித்து அலுத்துப்போய்த் தளத்தில் தகவல் வருகிற பெட்டியையே மூடிவிட்டாராம்.

“அதுல ஒரு பொம்பள இருக்கா, கெட்டிக்காரி. பணமே வேண்டாம்னு எழுதுதா.”

“பணம் வேண்டாம்னா வேற என்ன வேணுமாம்?”

“அந்தப் படத்துல இருக்க இடத்துக்கு யாராவது போயிப் பாக்கணுமாம்.”

கத்தி நின்றது.

“போயிப் பாத்தாங்களா?”

“அது சோதனைப் படம்மா,” என்றார் அருமைநாயகம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிற பொறுமையோடு. “அதுக்குப் பதில் நமக்கே தெரியும்.”

வடிவாம்பாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“எனக்கும் வேலை போட்டுக் குடுங்க.”

“உங்களுக்கா?”

“ஏன், கண்ணு நல்லாத்தானே இருக்கு.”

மறுக்க முடியாது. லேப்டாப் கையோடுதான் இருந்தது. தான் போட்ட வேலை மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க அவர் ஒரு தனிக் கணக்கு வைத்திருந்தார். அதைத் திறந்து அம்மாவின் முன்னால் வைத்தார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்லாத அம்மா, தன் வேலையைச் செய்து பார்க்கிறேன் என்கிறார்.

வடிவாம்பாள் முதல் சதுரத்தைப் பார்த்தார். மண், வேர், உடைந்த கதவு. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“இவ்வளவு நேரம் எடுக்கக் கூடாதும்மா. சட்டுனு பாத்து அமுக்கணும்.”

அவர் காதில் வாங்கவில்லை. மண்ணுக்குள் ஒரு முகம் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படித் தேடினார். ‘இல்லை’ என்று அமுக்கினார். அடுத்தது தகரக் கூரை. ‘இல்லை.’ அடுத்தது ஆரஞ்சு சட்டை போட்ட மீட்புக்காரர்கள். ‘ஆம்.’ அடுத்ததில் வெகுநேரம் நின்றார். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு ‘ஆம்’ என்று அமுக்கினார்.

திரை சிவந்தது. உங்கள் பதில் தவறு, இந்தப் பணியில் நீங்கள் இனிமேல் பங்கேற்க முடியாது என்று எழுத்து வந்தது.

வடிவாம்பாள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“வெளிய தள்ளிட்டீங்க, அண்ணாச்சி.”

அருமைநாயகத்துக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அம்மாவை ஒரு மெஷின் இப்படி விரட்டும் என்று அவர் நினைக்கவில்லை. சமாதானமாகச் சிரித்தார்.

“நீங்க அவசரத்துல ‘ஆம்’னு போட்டுட்டீங்க. அது காலி இடம்மா.”

“யாரு சொன்னா?”

அவர் பொறுமையாக விளக்கினார். அது குடியிருப்பை ஒட்டி ஓடுகிற ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவு. அங்கே வீடு கிடையாது. எஸ்டேட்டின் பழைய பம்ப் ஷெட் ஒன்றுதான் உண்டு, அதுவும் பூட்டிக் கிடக்கிறது. மனிதர் இல்லாத சோதனைப் படம் உடனடியாக வேண்டியிருந்தது. அந்தச் சரிவிலிருந்து மொத்தமாக எடுத்து, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று பதில் எழுதி வைத்தார். யோசித்துச் செய்த காரியம்தான்.

“படத்தப் பாத்தீங்களா?”

“மேப்பப் பாத்தேன்மா.”

அடுப்பில் உலை கொதித்துப் பொங்கியது. வடிவாம்பாள் எழுந்து போய் விறகை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இப்பப் படத்தப் பாருங்க,” என்றார்.

அருமைநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன்னுடைய நிர்வாகக் கணக்கில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தார். பம்ப் ஷெட்டின் ஒரு சுவர் மட்டும் நின்றது. மற்றதெல்லாம் சேறு. உடைந்த கல்நார் ஓடு. சுவரை ஒட்டி ஒரு சாக்கு.

படத்தைப் பெரிதாக்கினார்.

கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்கிற சாக்கு அது. சாக்குக்கு அடியில் முகம் இருந்தது. சேற்று நிறத்திலேயே இருந்தது. இடுப்புக்குக் கீழே மண். ஒரு கை மேலே தூக்கியிருந்தது.

ட்ரோனைப் பார்த்துத் தூக்கிய கை. அவள் கூப்பிட்டிருக்கிறாள்.

அருமைநாயகத்துக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. சோதனைப் படம் எல்லாருக்கும் போகும். அப்படியென்றால் இந்தப் பெண்ணை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். மலை முழுவதிலும் இவ்வளவு கண்கள் பார்த்த இடம் வேறு கிடையாது. ஆம், ஆம் என்று சொல்லிச் சொல்லி வெளியே போயிருக்கிறார்கள். ஒரு ‘ஆம்’ கூட அவர் கைக்கு வரவில்லை, ஏனென்றால் சோதனைப் படத்துக்கு யார் என்ன சொன்னாலும் கணக்கில் சேராது. அதற்குப் பதில் முன்பே தெரிந்ததல்லவா.

கண் உள்ளவர்களையெல்லாம் அவரே பொறுக்கியெடுத்து வெளியே அனுப்பியிருக்கிறார். இவளைப் பார்க்காதவர்களை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு, மீதி மலையை அவர்களிடம் கொடுத்திருக்கிறார். அவர்களுக்குத் தங்கம் என்று பெயரும் வைத்திருக்கிறார்.

மீட்புக் குழுவின் அலுவலரைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். ஓடைக்கு மறுபக்கம், பம்ப் ஷெட், ஒரு பெண், உடனே ஆள் அனுப்புங்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

“எடுத்தாச்சு சார்,” என்றார் அலுவலர். “நேத்து சாயங்காலமே. மோப்ப நாய் காட்டிக் கொடுத்தது. உங்க படத்துல அந்தப் பக்கம் ஒண்ணும் வரலையே.”

“உயிரோடயா?”

“இல்ல சார். நேத்துக் காலைல வரைக்கும் இருந்திருப்பாங்கன்னு டாக்டர் சொல்றாரு. செல்வராணின்னு பேரு. வீட்டுக்காரர் இங்கதான் ரோட்டுல உக்காந்திருக்காரு.” அப்புறம் அவரே, “நீங்க என்ன சார் பண்ணுவீங்க, உங்களால முடிஞ்சதப் பண்ணீங்க,” என்று ஆறுதலும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அருமைநாயகம் போனைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. பெரிய மனுஷன் அழுகிறோமே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதார். பணம் வேண்டாம் என்று எழுதிய பெண்ணின் பெயரைக்கூட அவர் பார்த்து வைக்கவில்லை.

“நான் கெட்டது நினைக்கலம்மா. ஒரு உசுராவது மீட்கணும்னுதான் செஞ்சேன். ராத்திரி பகலாச் செஞ்சேன்.”

“தெரியும்.”

“இந்தப் பாவத்த நான் எங்க போயிக் கழுவுவேன்? காசிக்குப் போகவா? இந்தத் தொழில விட்டுட்டு இங்கயே வந்துரவா? நீங்க என்ன சொன்னாலும் செய்யுதேன்.”

வடிவாம்பாள் அவர் மடியில் லேப்டாப்பைத் தூக்கி வைத்தார். மெதுவாக வைக்கவில்லை.

“கழுவ அப்புறம் போலாம், அண்ணாச்சி. அந்தச் சரிவுல இதே மாதிரி நீங்க பதில் எழுதி வச்ச படம் இன்னும் எத்தனை இருக்கு?”