சோறு போகும் இடம்

தென்பெண்ணை ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அங்கே குருவாக இருந்தவர் நிறைமதி அம்மா. அடுப்படியைப் பார்த்துக்கொண்ட சிஷ்யை வடிவு. வயதில் வடிவுதான் மூத்தவள்; பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு வந்து உபதேசம் வாங்கியவள். அதனால் குரு அவளை அக்கா என்பார். அவள் குருவை அம்மா என்பாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

அம்மாவுக்கு வயிற்றில் புற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றிலிருந்து வடிவு இலையில் சோற்றை மலையாகக் குவித்தாள். நெய்யைக் கவிழ்த்தாள். அம்மாவோ இலையைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்வார். தின்ற நாளிலும் உடம்பில் ஒட்டவில்லை. மணிக்கட்டில் நின்ற உருத்திராட்சம் முழங்கை வரை ஏறி இறங்கியது.

தன் கைப்பாகம்தான் கெட்டுப்போய்விட்டது என்று வடிவு சாமி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். கடைசியில் மனசு பொறுக்காமல் கேட்டேவிட்டாள்.

"அம்மா, நான் போடுற சோறெல்லாம் எங்கதான் போகுது?"

அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஒரு வீட்டுக்குள்ள கூப்பிடாத விருந்தாளி ஒருத்தன் புகுந்துட்டான் அக்கா. ராப்பகலா அடுப்பெரிச்சான். வாசல்ல கிடக்கிற விறகைத் தொடல. உத்தரத்தைப் பிடுங்கினான், தூணை வெட்டி அடுப்புல வச்சான். வீட்டுக்காரி வண்டி வண்டியா விறகு கொண்டுவந்து கொட்டினா. வீடு நிக்குமா?"

"எப்படி நிக்கும்? அவன் வீட்டையில்ல எரிக்கிறான்."

"டாக்டரும் அதைத்தான் சொன்னார். இந்த நோய் உள்ளுக்குள்ள ஒரு தீயை மூட்டி, சதையையே எரிக்குது. பசியையும் அடைச்சுப்போடுது. உன் சமையல்ல குத்தமே இல்ல."

வடிவு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அப்போ வீட்டுக்காரி என்னதான் பண்ணுவா?"

"தீயைத் தணிக்கப் பார்ப்பா. சாயுற பக்கம் முட்டுக் கொடுப்பா. மிச்சமிருக்கிற சதைக்கு வேலை கொடுக்கணும்னும் டாக்டர் சொல்லியிருக்கார்."

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார். அரைக்குடம் இறைத்தார். மூச்சு வாங்க உட்கார்ந்தார். எழுந்து இன்னொரு அரைக்குடம் இறைத்தார்.

அதற்குப் பிறகு வடிவு சோற்றைக் குவிக்கவில்லை. குமட்டலை அடக்கவும் பசியைத் தூண்டவும் டாக்டர் கொடுத்த மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்து நீட்டினாள். சின்னக் கிண்ணத்தில் குழையவிட்ட பருப்புச் சோறு, கொஞ்சம் கழித்து வேர்க்கடலைக் கஞ்சி, பிறகு கட்டித் தயிர். சில நாள் இறங்கியது. சில நாள் வெளியே வந்தது.

குருபூஜை நாள் வந்தது. மடத்துத் தர்மகர்த்தா ஏகாம்பரம் அம்மாவைப் பார்த்ததும் நெக்குருகிப் போனார். தாயார் அன்னம் துறந்துவிட்டார், தவத்தில் உடம்பை உருக்குகிறார் என்று கூட்டத்திடம் தழுதழுத்தார். ஜனங்கள் அந்த எலும்புக் கால்களில் விழுந்தார்கள்.

ஏகாம்பரம் நேரே அடுப்படிக்கும் வந்தார். ஜனங்கள் இருக்கும்வரை கிண்ணம் வெளியே வரக்கூடாது என்று வடிவிடம் சொன்னார். அவள் கஞ்சியைத் தட்டால் மூடிவிட்டு நின்றாள். அது ஆறிக்கொண்டிருந்தது. வேளை தப்பினால் அம்மாவுக்கு அப்புறம் ஒன்றும் இறங்காது.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "அக்கா, என் கிண்ணம் எங்கே?"

வடிவு ஏகாம்பரத்தை ஒருதரம் பார்த்தாள். தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, கிண்ணத்தோடு கூட்டத்துக்கு நடுவே நடந்தாள்.

அம்மா எல்லோர் முன்னாலும் சாப்பிட்டார். இரண்டாவது வாயில் குமட்டியது. கண்ணை மூடிக் காத்திருந்தார். மறுபடி அள்ளினார்.

ஏகாம்பரம் தட்டோடு பக்கத்தில் வந்து குனிந்தார். "தாயே, பிழைக்கிறது சந்தேகம்னு டாக்டரே சொல்லிட்டார். போற உடம்பை நீங்களா விட்டதா வச்சுக்கிட்டா உங்களுக்கும் நிம்மதி, மடத்துக்கும் பெருமை. எதுக்கு இந்த மல்லுக்கட்டு?"

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நான் துறந்ததெல்லாம் நானாக் கொடுத்தது ஐயா. இதை உள்ள புகுந்த நோய் திருடிட்டுப் போகுது. திருட்டுக் கொடுத்ததைத் தானம் பண்ணினேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

கிண்ணத்தை வடிவிடம் நீட்டினார்.

"இன்னொரு கரண்டி ஊத்துக்கா."