சக்கரத்தில் சிக்கிய கினிப்பன்றி

“அண்ணே, மாட்டிக்கிட்டேன்! இழுங்க!”

பூசணி என்ற கினிப்பன்றி கூண்டில் ஓடி விளையாட வைத்திருந்த ஓடுசக்கரத்துக்குள் தலையை விட்டிருந்தது. பின்பக்கம் முழுக்க வெளியே. கடுகு என்ற ஹாம்ஸ்டர், எலி போன்ற குட்டிப் பிராணி, வைக்கோலுக்குள்ளிருந்து எரிச்சலோடு எட்டிப் பார்த்தது. பூசணியில் பத்தில் ஒரு பங்குகூட அது இருக்காது. வாய் மட்டும் பெரிது.

“டேய் தடியா! அது என் சக்கரம். உன் முதுகு அதுக்கு வளையுமாடா?”

தப்பு இவர்கள்மேல் இல்லை. ஜெபராணி டீச்சர்தான், “ரெண்டும் ஒரே இனம்தானே, துணைக்குத் துணை” என்று காலையில் கொல்லையில் இருந்த ஒரே கூண்டில் போட்டார். கூண்டுக் கதவுக்குக் கொக்கி மாட்டவும் மறந்துவிட்டார். ஹாம்ஸ்டருக்குத் துணை என்றாலே ஆகாது. பகலெல்லாம் தூங்கும். பக்கத்தில் வந்தால் கடிக்கும். கினிப்பன்றிக்கோ துணை இல்லாவிட்டால் தழைகூட உள்ளே இறங்காது.

அதனால் கடுகோடு ஒட்டிக்கொள்ள, பூசணி அதை அப்படியே காப்பியடித்தது. தானியத்தைக் கன்னத்தில் அடைத்தது; எல்லாம் வெளியே கொட்டியது. கம்பியில் ஏறியது, தொப்பென்று விழுந்தது. அடுத்ததுதான் சக்கரம். ஒருவழியாக உதறிக்கொண்டு வெளியே வந்தது.

“நான் எதுக்குமே லாயக்கில்லையா அண்ணே?”

“இல்லைடா! போய் மூலையில கிட!”

அப்போது கதவு அசைந்தது. ஒரு சாரைப்பாம்பு தலையை உள்ளே நீட்டியது.

“அடடே, ரெண்டு உருப்படி! சின்னதை முதல்ல முடிக்கிறேன்!”

கடுகு உறைந்துபோனது. உதடு மட்டும் அசைந்தது. “மூச்சு விடாதே! என்னை மாதிரியே கிட!”

பூசணியும் தரையோடு ஒட்டிக் கிடந்தது. சும்மா கிடப்பதையாவது ஒழுங்காகச் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தது. ஆனால் பாம்பின் நாக்கு கடுகின் மீசையைத் தொட்டுவிட்டது.

“வீஈஈக்! வீஈஈக்! வீஈஈக்!”

பூசணி போட்ட சத்தத்தில் கொல்லையே அதிர்ந்தது! டீச்சர் துடைப்பத்தோடு ஓடி வந்தார். ஒரே போடு! பாம்பு விழுந்தடித்து வேலியைத் தாண்டி ஓடியே போனது!

அன்றே டீச்சர் இரண்டையும் பிரித்தார். பூசணிக்குத் துணையாக இன்னொரு கினிப்பன்றியும் வந்து சேர்ந்தது. பக்கத்துக் கூண்டிலிருந்து கடுகு மூக்கை நீட்டியது.

“உசிரைக் காப்பாத்தினே, சரி. இனிமே கத்தாதேடா, தூக்கம் கெடுது!”

அடுத்தவன் மாதிரி ஆகப் பார்க்கிறவன் தோற்பான், தன்னிடம் இருப்பதைக் கையில் எடுக்கிறவன் ஜெயிப்பான். ‘கத்தாதே’ என்று சொல்லியும் பூசணி சாயங்காலம்வரை துணையோடு சேர்ந்து கத்தியது.