சிலுவை அண்ணாச்சியின் கீபோர்டு

ருகையா டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். தூத்துக்குடியில் வலையும் கயிறும் விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் அவர் லினக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். அங்கே வருகிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் கேட்கிறார்கள். கேட்காமல் இருக்க முடியாதவர்கள்தான் அந்தப் படியேறி வருகிறார்கள்.

அவர்களில் மூத்தவர் சிலுவை அண்ணாச்சி. டீச்சருக்கு முப்பத்தைந்து வயது, அண்ணாச்சிக்கு அறுபது. வாதம் வந்து இடது கை விழுந்த பிறகு படிக்க வந்தவர். அந்தக் கையை மடியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். மற்றவர்கள் பார்ப்பதைவிட, அதைத் தானே பார்ப்பதுதான் அவருக்குப் பிடிக்காது.

அன்று வந்ததும் லேப்டாப்பை மேசையில் வைத்தார். உட்காரவில்லை.

“டீச்சர், ஒரு மெஷின்ல எதுவுமே மாறாம இருக்கணும்னா என்ன செய்யணும்?”

“அணைச்சு வச்சிருங்க” என்றார் டீச்சர்.

“விளையாடாதிய. எனக்கு வேலையும் நடக்கணும், மெஷினும் மாறக் கூடாது.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க அண்ணாச்சி. என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க.”

அண்ணாச்சி மதுரையில் ஒரு பதிப்பகத்துக்குக் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டிக் கொடுப்பவர். தமிழ்99 கீபோர்டில் உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது பக்கம். இரண்டு கை உள்ளவனுக்கு அது சுகம். ஒரு கைக்காரருக்கு? அவர் லினக்ஸின் சொந்தக் கீபோர்டு ஃபைலையே திறந்து, இடது பக்கத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக வலது பக்கம் கொண்டுவந்தார். முதலில் கொண்டுவந்தது புள்ளியை. புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரி நகராது. கடைசியில் இடது பக்கத்து விசைகளில் ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை. வேலை செய்யாத கைக்கு எழுத்து எதற்கு என்று நினைத்தார்.

பிறகு ஒரு நாள் அப்டேட் வந்தது. புது ஃபைல் வந்து பழைய ஃபைலின் மேல் உட்கார்ந்தது. அண்ணாச்சி ‘அம்மா’ என்று தட்டினார். திரையில் அம்மா வரவில்லை.

“முதல் தடவை கை போனப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாவ. ரெண்டாம் தடவை போனப்ப எங்க போறதுன்னே தெரியல டீச்சர். உக்காந்து அழுதேன்.”

“அப்புறம்?”

“ஞாபகத்துல இருந்து எல்லாத்தையும் மறுபடி எழுதினேன். எழுதி முடிச்சு, கீபோர்டு பேக்கேஜை அப்டேட் தொடாதபடி பூட்டிட்டேன்.”

“அதோட விட்டுச்சா?”

“எங்க விட்டுச்சு? அதைப் பூட்டினா இன்னொண்ணு முரண்டு பிடிச்சுது. அதையும் பூட்டினேன். அப்புறம் அதுக்குப் பக்கத்துல உள்ளது. இப்ப மெஷின்ல பூட்டாதது எதுன்னு தேடணும்.”

இப்படி இரண்டு வருஷம் ஓடியிருந்தது. இப்போது பதிப்பகம் பக்கங்களைத் தன் வலைத்தளத்தில்தான் ஏற்ற வேண்டும் என்கிறது. அண்ணாச்சி பூட்டிவைத்த பழைய பிரௌசரில் அந்தத் தளம் திறக்கவே இல்லை. ஒரு கப்பல் மாலுமி கையால் எழுதிய பயணக் கட்டுரைகள், பாதி தட்டியாகிவிட்டது. வருகிற புதன்கிழமைக்குள் முழுதும் ஏறாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

“அப்டேட் செஞ்சா கை போயிரும். செய்யலைன்னா வேலை போயிரும்” என்றார் அண்ணாச்சி. “மேல இருந்து அப்டேட் அனுப்புறவங்க ஏன் டீச்சர் இப்படி மாத்திக்கிட்டே இருக்காவ? சும்மா இருக்க முடியலியா அவங்களுக்கு?”

டீச்சர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார். “அப்டேட் நேரத்துல சில ஃபைலுக்கு மெஷின் ஒரு கேள்வி கேக்கும். நீங்க என்ன சொல்லுவிய?”

“உன்னோடதை வச்சிக்கிடவா, புதுசைப் போடவான்னு கேக்கும். என்னோடதை வச்சிக்கோம்பேன்.”

“மூணாவதா ஒண்ணு இருக்குமே?”

“வித்தியாசத்தைக் காட்டவான்னு இருக்கும். அது பெரிய ஆளுங்களுக்குன்னு நெனச்சேன்.”

“நீங்க சின்ன ஆளா?” என்று சொல்லிக்கொண்டே டீச்சர் அண்ணாச்சியின் கீபோர்டு ஃபைலைத் திறந்தார். திரையை உருட்டினார். அது உருண்டுகொண்டே போனது.

“ஆயிரம் வரிக்கு மேல இருக்கும் போலயே. இதுல உங்களோடது எது?”

“முழுக்க என்னோடதுதான்.”

டீச்சர் இரண்டு வருஷத்துக்கு முந்தைய மூல ஃபைலை இணையத்திலிருந்து எடுத்து, இரண்டையும் ஒப்பிடச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தார். ஒரே மாதிரி இருந்ததெல்லாம் மறைந்தது. மாறியவை மட்டும் திரையில் நின்றன. முப்பது வரி இருக்கும். முதல் வரியில் புள்ளி நின்றது.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். “இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“மீதி?”

“அவங்களோடது. ரெண்டு வருஷமா அதுக்கும் சேர்த்து நீங்கதான் காவல் காத்திருக்கிய.”

அண்ணாச்சிக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபப்படலாமா சிரிக்கலாமா என்று தெரியாத முகம். கடைசியில் ஆர்வம்தான் ஜெயித்தது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு அந்த முப்பது வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இதை எதுக்கு எழுதினேன்னு தெரியலியே… ஆ, ஞாபகம் வந்துட்டு. அப்ப ஸ்ரீ தட்டினா உடைஞ்சு விழும். அதுக்கு ஒட்டுப் போட்டது.”

டீச்சர் அந்த மென்பொருளின் மாற்றக் குறிப்பைத் திறந்து ஓர் இடத்தைக் காட்டினார். யாரோ ஒருவர் அந்தக் கோளாறைச் சரிசெய்து, ஒரே வரியில் குறிப்பும் எழுதியிருந்தார்.

“இப்ப உங்க ஒட்டைப் போட்டா, சரியானது மறுபடி உடையும்” என்றார் டீச்சர்.

“யாரு இந்த ஆளு?”

“தெரியாது. பேரைப் பாத்தா நம்ம பக்கம் இல்லை.”

“தமிழ் தெரியுமா அவருக்கு?”

“தெரியாதுன்னுதான் நெனைக்கேன்.”

“தமிழ் தெரியாமலா ஸ்ரீயைச் சரி பண்ணினாரு!” அண்ணாச்சிக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. “என்னைத் தெரியுமா அவருக்கு?”

“தெரியாது. உங்க கையும் தெரியாது. அதனாலதான் உங்களோடதை அவரு வீட்டுல, அவரு ஃபைலுக்குள்ள வச்சா தூக்கி வெளிய போட்டுருவாரு. அவரு மேல தப்பில்லை.”

டீச்சர் அலமாரியிலிருந்து இன்னொரு லேப்டாப்பை எடுத்தார். எல்லாம் புதிது. அண்ணாச்சியின் ஒரு வரிகூட அதில் இல்லை. “உங்க பேர்ல உள்ள ஃபோல்டர்ல ஒரு காலி ஃபைல் வச்சிருக்கேன். அதை எந்த அப்டேட்டும் தொடாது. அதுல எழுதினா அவங்க ஃபைலை மாத்தாமலே உங்க கீபோர்டு மாறும்.”

“அப்ப இந்த முப்பது வரியையும் அதுல போட்டுருங்க. வேலை முடிஞ்சுது.”

“போட மாட்டேன்.”

“ஏன்?”

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. சும்மா தட்டிக்கிட்டு இருங்க. கை எங்க போய் முட்டுதோ, அந்த ஒரு வரியை மட்டும் எழுதுங்க. அடுத்து எங்க முட்டுதோ, அதை எழுதுங்க. பழசைப் பாத்து எழுதக் கூடாது.”

“புதன்கிழமை வருதே டீச்சர்! என் மெஷின்?”

“தட்டின பக்கத்தையெல்லாம் இதுல ஏத்தித் தாரேன். உங்க மெஷின் இந்த டிராயர்ல இருக்கும். தொட மாட்டேன். பூட்டவும் மாட்டேன். எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கிடுங்க.”

முதல் நாள் காலை முழுக்க ஒரு பக்கம்கூட முடியவில்லை. வலது கை கீபோர்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தது. பதிப்பகத்தின் தளம் மட்டும் தட்டியவுடன் திறந்துகொண்டது. அது வேறு அண்ணாச்சியின் எரிச்சலைக் கிளப்பியது. திறந்த கடைக்கு முன்னால் கையில் சரக்கில்லாமல் நிற்கிறோமே என்று நினைத்தார். மத்தியானம் டீச்சருக்குப் போன் போட்டார்.

“இது சரிப்பட்டு வராது. என் மெஷினைத் திருப்பித் தாங்க.”

“டிராயர் திறந்துதான் இருக்கு. வாங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சி சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார். அவர் மனைவி ரோசம்மா ரப்பர் பந்தோடு எதிரே வந்தார். தினமும் இடது கையில் அந்தப் பந்தைத் திணித்து அமுக்கச் சொல்வது அவர் வழக்கம். அண்ணாச்சியும் ரேடியோ கேட்டபடி அமுக்குவார். நம்பிக்கையெல்லாம் கிடையாது, வீட்டில் சண்டை வேண்டாம் என்பதற்காக.

“எங்க கிளம்பிட்டிய? பந்து?”

பந்தை அமுக்கிக்கொண்டே அண்ணாச்சி யோசித்தார். ஆ தட்டத்தானே கை ரொம்ப அலைந்தது? அந்த ஒன்றை மட்டும் எழுதிப் பார்த்தால் என்ன? சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். ஒரு வரி எழுதினார். ஆ வலது பக்கம் வந்தது. அன்று சாயங்காலம் உ வந்தது, மறுநாள் இ. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஏன் என்று ஒரு குறிப்பும் எழுதினார். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஸ்ரீ ஒட்டு மாதிரி இன்னொன்றைத் தனக்கே தெரியாமல் சுமக்கக் கூடாது என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வேலை அவரை இழுத்துக்கொண்டது. மாலுமியின் கப்பல் ஒரு புயலுக்குள் போயிருந்தது. அதிலிருந்து வெளியே வருமா வராதா என்று தெரிந்துகொள்ள அண்ணாச்சி பக்கம் பக்கமாகத் தட்டினார். சாப்பிடக் கூப்பிட்டால் ‘வாரேன், வாரேன்’ என்பார். கீபோர்டைப் பற்றிய நினைப்பே போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை புத்தகம் ஏறியது. மறுநாளே பதிப்பகத்திலிருந்து அடுத்த கையெழுத்துக் கட்டு வந்துவிட்டது.

அண்ணாச்சி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். இந்த முறை சிரிப்பு முகம். துண்டைத் தோளில் போட்டிருந்தார்.

“முடிச்சிட்டேன் டீச்சர்! எத்தனை வரின்னு பாருங்க. பதினொண்ணு. முப்பதுல பதினொண்ணுதான் என்னோடது. மீதியைக் கை கேக்கவே இல்லை.”

டீச்சர் அந்தச் சின்ன ஃபைலை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். அண்ணாச்சிக்குப் பரீட்சைத் தாள் திருத்துகிற இடத்தில் நிற்பது போல இருந்தது.

“என்ன டீச்சர், தப்பா இருக்கா?”

“இல்லை. புள்ளி எங்க?”

“என்னது?”

“பழைய ஃபைல்ல முதல் வரியே புள்ளிதான். இதுல இல்லையே.”

அண்ணாச்சி திரையைப் பிடுங்காத குறையாகத் தன் பக்கம் திருப்பினார். பதினொரு வரியையும் தேடினார். புள்ளி இல்லை.

“எழுதலை போல. விட்டுப்போச்சு.”

“அப்ப ஒரு புஸ்தகத்தைப் புள்ளியே இல்லாமலா தட்டினிய?”

“புள்ளியெல்லாம் போட்டுத்தான் இருக்கேன். ஒண்ணுகூட விடலையே.” அவருக்கே குழப்பமாகிவிட்டது. “அவங்கதான் இடத்தை மாத்தியிருக்கணும். புது அப்டேட்ல வலது பக்கம் கொண்டுவந்திருப்பாவ.”

“அவங்க மாத்தலை. பழைய இடத்துலதான் இருக்கு. இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழே, சின்ன மேடு இருக்குமே, அந்தக் கீயில.”

“அப்ப எப்படி டீச்சர் வருது?”

“எனக்கு எப்படித் தெரியும்? தட்டிக் காட்டுங்க.”

அண்ணாச்சி உட்கார்ந்தார். எதைத் தட்டுவது என்று யோசிக்கவில்லை, பழகிய வார்த்தைதான் வந்தது. க. ட. ல. பிறகு, ஒரு மூச்சு தாமதித்து, ல-வின் தலையில் புள்ளி விழுந்தது.

“பாத்தியளா? வந்துட்டு” என்றார் அண்ணாச்சி, திரையைக் காட்டி.

டீச்சர் திரையைப் பார்க்கவில்லை.

“எந்தக் கையால, அண்ணாச்சி?”

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். இடது ஆள்காட்டி விரல் இன்னும் அந்த மேட்டின் மேலேயே இருந்தது.