மேல் சரிவுப் பீப்பாய்

“டீச்சர், குறை என் நாக்குலயா, உங்க மனசுலயா?” என்று கேட்டார் வேலாயுதம்.

ரெஜினா வாயில் இருந்த ஒயினைப் பாத்திரத்தில் துப்பிவிட்டு, கோப்பையை அவரிடமே நீட்டினாள்.

“இது இல்லண்ணே.”

காலையிலிருந்து இதே பாட்டுதான். அவர் கலந்து எடுத்து வருவார். அவள் ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, இல்லை என்பாள்.

மேல்மலையில், பனி இறங்கினால் பகலிலேயே விளக்குப் போட வேண்டிய ஓர் ஊரில், ரெஜினா சின்னதாக ஒரு ஒயின் கூடம் வைத்திருந்தாள். வெள்ளைத் திராட்சை மட்டும்தான். ஒவ்வொரு சரிவில் விளைந்ததையும் தனித்தனிப் பீப்பாயில் நொதிக்க வைப்பாள். பிறகு அவற்றைக் கலந்து ஒரே ஒயினாக்கிப் பாட்டிலில் அடைப்பாள். அந்தக் கலவையைக் கற்றுக்கொள்ளத்தான் வேலாயுதம் வந்திருந்தார். வயதில் அவளைவிட ரொம்பவே மூத்தவர்.

அதற்கு முன் அவர் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவர். கோப்பைகளை வரிசையாக வைத்தால் உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார். எதில் புகை அடிக்கிறது, எதில் ஈரம் ஏறியிருக்கிறது, எதில் பழைய தூளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று நடந்துகொண்டே சொல்வார். குறை கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம். வாங்கின சம்பளத்துக்கு வஞ்சனை இல்லாமல் கண்டுபிடித்தார்.

இந்த வருஷக் கலவை உங்கள் கையால்தான் என்று ரெஜினா சொல்லியிருந்தாள். மறுநாள் காலை பாட்டிலில் அடைக்க ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் கைகூடாவிட்டால் அவளே கலந்துவிடுவாள், வேலாயுதம் மூட்டையைக் கட்டிக்கொண்டு பழைய வேலைக்கே இறங்கிவிட வேண்டும். வீறாப்பில் மனைவியிடம் அவரே சொல்லிவிட்டு வந்த வார்த்தை அது. சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

மறுபடியும் கலந்தார். வாசனைக்குக் கீழ்ச் சரிவு. கனத்துக்கு நடுச் சரிவு. இனிப்புக்கு ஓடையோரம். மூன்றுமே முதல் தரம்.

“இதுல ஒரு குறை சொல்லுங்க, பாப்போம்.”

ரெஜினா நிதானமாக ருசித்தாள்.

“குறையே இல்ல.”

துப்பினாள்.

“அப்புறம் ஏன் வேணாங்கறீங்க?”

“குறை இல்லைன்னுதான் சொன்னேன். நல்லா இருக்குன்னு சொல்லலையே.”

வேலாயுதத்துக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இந்த வயதில் அழுவது கௌரவக் குறைச்சல் என்று கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

ரெஜினா எழுந்து கூடத்தின் கடைசிக்குப் போனாள். அங்கே தனியாக ஒரு பீப்பாய். மேல் சரிவில் விளைந்த திராட்சை அது. வெயில் எட்டிப் பார்க்காத இடம், பழம் கடைசிவரை இனிக்கவே இல்லை. போன வாரம் ருசி பார்த்தபோது வேலாயுதம் முகத்தைச் சுளித்து, அதன் மேல் சாக்குக் கட்டியால் ‘கழிவு’ என்று எழுதி வைத்திருந்தார்.

அதிலிருந்து ஒரு குவளை பிடித்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இதையா? டீச்சர், இதை வாயில வைக்க முடியாது. பல்லு கூசும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தனியாவே நல்லா இருக்கறதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு எதுக்குண்ணே?”

வேலாயுதம் குவளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வாழ்நாளெல்லாம் அவர் கோப்பைகளைத் தனித்தனியாகத்தான் ருசி பார்த்திருக்கிறார். ஒன்றைப் பக்கத்துக் கோப்பையோடு சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. அது நினைவுக்கு வந்ததும் காது மடல் சூடானது.

குவளையிலிருந்து கொஞ்சம் தன் கலவையில் ஊற்றினார். வாயில் வைத்தார். துப்பினார். ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் ஊற்றினார். துப்பினார். ஏதோ அசைந்தது, பிடிபடவில்லை.

ரெஜினா பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்தாசைக்கு வருகிற ஆளாகத் தெரியவில்லை.

மூன்றாவது முறை கை தயங்கவில்லை. கலக்கி, முகர்ந்து, வாயில் எடுத்தார்.

வெறும் கொய்யாப் பழத்துக்கு உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டது போல ஆயிற்று. இத்தனை நேரம் மந்தமாகக் கிடந்த வாசனை நிமிர்ந்து எழுந்தது. கனம் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. இனிப்புக்குப் பின்னாலேயே அந்தப் புளிப்பு ஓடி வந்து நாக்கைத் துடைத்துவிட்டது. எச்சில் ஊறி, வாய் இன்னொரு மிடறு கேட்டது.

கேட்டதைக் கொடுத்தார். அது இன்னொன்று கேட்டது.

வேலாயுதத்துக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷத்தில் வந்த சிரிப்பு, அதை அவர் மறைக்கவும் இல்லை.

ரெஜினா திரும்பினாள். வழக்கம்போலக் கோப்பைக்குக் கையை நீட்டினாள். வாங்கிப் பார்த்தாள். கோப்பை காலி.

“எனக்கு மிச்சம் வைக்கலையா?”

“நாளைக்குப் பாட்டில்ல வரும் டீச்சர்,” என்றார் வேலாயுதம். “அப்பக் குடிச்சுக்குங்க.”