எட்டாம் மாதத்துக் கேள்வி

கிராமச் செவிலியர் லீதியாளுக்கு நாற்பத்தேழு வயது. அவளுடைய ஆசிரியைக்கு முப்பத்து மூன்று.

ஆசிரியையின் பெயர் மாரிச்செல்வி. தாலுகா ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர். கிராமச் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவளும் அவள்தான். முதல் நாள் வகுப்பில், "எனக்கும் எச்.ஐ.வி. இருக்கு. எட்டு வருஷமா மருந்து சாப்பிடுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினாள். அன்றிலிருந்து லீதியாள் அவளை டீச்சர் என்று கூப்பிட்டாள். வேலையில் சந்தேகம் வந்தால் பஸ் ஏறி அவளிடம் வந்துவிடுவாள்.

இந்த முறை வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"காந்திமதின்னு ஒரு பிள்ளை, டீச்சர். என் ஏரியாதான். உண்டாகியிருந்தப்போ மூணாம் மாசம் எச்.ஐ.வி.க்கு விரல்ல குத்தி எடுத்தேன். இல்லைன்னு வந்துச்சு. எட்டாம் மாசம் மறுபடி எடுக்கணும்லா? எடுக்கல."

"ஏன்?"

"அவ மாமனார் ஹெட்மாஸ்டரா இருந்தவர். என் பிள்ளைக ரெண்டும் அவர்ட்டதான் படிச்சுது. அந்த வீட்ல போய் ரெண்டாம் தடவையும் எப்படிக் கேக்கதுன்னு இருந்துச்சு. ரத்த அளவு பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன். அதை மட்டும் விட்டுட்டேன்."

"பிறகு?"

"குழந்தைக்கு இப்ப ஆறு மாசம். எடை ஏறல. வயித்தால போய்க்கிட்டே இருந்துச்சு. பெரியாஸ்பத்திரியில தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்காங்க." லீதியாள் நிறுத்தினாள். "ரெண்டு பேருக்கும் இருக்கு."

மாரிச்செல்வி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"மூணாம் மாசத்துக்குப் பிறகு வந்திருக்கு டீச்சர். அவ வீட்டுக்காரர் இடையில ஊருக்கு வந்தப்போ..."

"யாரால வந்துச்சுங்கிற பேச்சு வேண்டாம் சிஸ்டர்."

லீதியாள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் செய்தி வந்து பதினைந்து நாளாகிறது. அவள் காந்திமதியின் தெருப்பக்கமே போகவில்லை. அடுத்த தெருவில் தடுப்பூசி போடப் போனபோதுகூட குளத்துக்கரையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"எட்டாம் மாசமே பார்த்திருந்தா மருந்து கொடுத்திருக்கலாம். குழந்தைக்கு வராமத் தடுத்திருக்கலாம். எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா ஒண்ணு சொல்லுங்க. கௌரவமான குடும்பத்துல, மனசு நோகாம இதை எப்படிக் கேக்கது?"

மாரிச்செல்வி மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

"நீங்க டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

"நானா?"

"ஆமா. இப்ப எடுத்துருவோம்."

லீதியாளுக்குக் காது சூடேறியது. "எனக்கு எதுக்கு டீச்சர்? நான் என்ன அப்படிப்பட்டவளா?"

சொல் வெளியே வந்துவிட்டது. எதிரே இருப்பது யார் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மாரிச்செல்வியின் முகத்தில் கோபம் இல்லை. படிவத்தை மெல்லத் திருப்பி லீதியாள் பக்கம் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

"இஷ்டமில்லைன்னா வேண்டாம் சிஸ்டர்."

லீதியாள் கையெழுத்துப் போட்டாள். அவள் பெயரே கோணலாக விழுந்தது.

பக்கத்து அறையில் லேப்காரர் ரத்தம் எடுத்தார். முடிவு வர அரை மணி நேரம் ஆகும் என்றார். வெளியே ஒரே ஒரு பெஞ்சு. அதில் ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருந்தாள். லீதியாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். தலைக்கு மேலே மையத்தின் பெயர்ப்பலகை இருந்தது.

சர்ச்சில் பழக்கமான ஒரு அம்மாள் மருந்துச் சீட்டோடு அந்த வழியாக வந்தாள்.

"என்ன லீதியா, இங்க உக்காந்திருக்க?"

"டூட்டி விஷயமா வந்தேன் அக்கா."

அந்த அம்மாள் பலகையைப் பார்த்தாள், லீதியாளைப் பார்த்தாள், போய்விட்டாள். பக்கத்தில் இருந்த கர்ப்பிணி மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குச் சொல்லிக்கொள்ள டூட்டி எதுவும் இல்லை. லீதியாளுக்கு உட்கார்ந்த இடம் முள்ளாகக் குத்தியது.

முடிவு வந்தது. தொற்று இல்லை. அதைக் கேட்டதும் நெஞ்சு லேசானது. லேசானதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"டீச்சர், நான் அப்பச் சொன்னது..."

"நானும் அதைத்தான் சொன்னேன் சிஸ்டர்."

"என்னது?"

"மூணாம் மாசம் எனக்கும் இல்லைன்னுதான் வந்துச்சு. எட்டாம் மாசம் ஒரு நர்சம்மா வீட்டுக்கே வந்து கேட்டாங்க. நான் அப்படிப்பட்டவளான்னு சத்தம் போட்டேன். தெருவே கூடிருச்சு. அவங்க அழுதுக்கிட்டே போனாங்க."

"பிறகு?"

"மறுநாள் மறுபடியும் வந்தாங்க. என் மகன் இப்ப மூணாப்பு படிக்கான். அவனுக்கு ஒண்ணும் இல்ல."

"அந்த நர்சம்மா எங்க இருக்காங்க?"

"மாறுதல்ல போயிட்டாங்க. பேருகூட நான் கேட்டு வச்சுக்கல."

லீதியாளால் அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து வாசல் வரைக்கும் போனாள். மாரிச்செல்வி பின்னாலிருந்து சொன்னாள்.

"காந்திமதியப் போய்ப் பாருங்க."

மறுநாள் காலையில் போனாள். ஹெட்மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. உள்ளே கையைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

காந்திமதி கட்டிலில் இருந்தாள். மடியில் குழந்தை. ஆறு மாதக் குழந்தை மூன்று மாதக் குழந்தையைப் போல இருந்தது. எப்படி மன்னிப்புக் கேட்பது என்று லீதியாள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

காந்திமதி ஒரு மருந்துப் பாட்டிலை நீட்டினாள். "அளவு சரியா ஊத்துதேனான்னு பயமா இருக்கு. கொஞ்சம் பாருங்க சிஸ்டர்."

லீதியாள் பார்த்தாள். அளவு மூடியில் கோடு வரைக்கும் சரியாக ஊற்றிக் காட்டினாள். குழந்தை மருந்தைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது.

"தாயி, எட்டாம் மாசம் நான் உன்ட்ட..."

"தெரியும். பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னாங்க." காந்திமதி குழந்தையின் வாயைத் துடைத்தாள். "நீங்க கேட்டிருந்தா கையை நீட்டியிருப்பேனே சிஸ்டர்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் லீதியாள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. பதினோரு பேர் வந்திருந்தார்கள். தடுப்பூசிக்காகக் கைக்குழந்தையோடு வந்த தாய்மார் நான்கு பேர். லீதியாள் ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டாள். எட்டாம் மாதக்காரிகளிடம் கேட்டாள். பால் வழியாகவும் தொற்று போகும் என்பதால் பால் கொடுக்கிற தாய்மாரிடமும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு என்றும் சொன்னாள்.

ஒருத்தியின் மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"முன்னமே எடுத்தாச்சுல்லா? மறுபடி எதுக்கு? எங்க வீட்டுப் பிள்ளைய என்னன்னு நினைச்சீங்க? உங்க மகள்ட்ட போய் இப்படிக் கேப்பீங்களா?"

வெளியே பேச்சுச் சத்தம் அடங்கிப்போனது. லீதியாளுக்கு முகமெல்லாம் எரிந்தது. கையிலிருந்த அட்டையை மேசைமேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லார்ட்டயும் கேக்கேன் அம்மா. நானும் எடுத்துக்கிட்டேன். போன தடவை இல்லைன்னா இந்தத் தடவையும் இல்லைன்னு ஆகாது. பிள்ளைக்காகக் கேக்கேன்."

மாமியார் வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். மருமகள் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை லீதியாள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மாரிச்செல்வி ஒரு தம்பதியை அனுப்பிவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எத்தனை பேர்?"

"கேக்க வேண்டிய எல்லார்ட்டயும். ரெண்டு பேர் வேண்டாம்னுட்டாங்க. அடுத்த வாரம் அவங்க வீட்டுக்குப் போகணும்."

"காந்திமதி குழந்தை?"

"நூறு கிராம் ஏறியிருக்கு. மருந்து தவறாமக் கொடுக்கா."

மாரிச்செல்வி தலையை ஆட்டினாள். லீதியாள் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஒவ்வொரு தடவை வாயத் தொறக்கும்போதும் உடம்பே கூசுது டீச்சர். இந்தக் கூச்சம் எப்ப போகும்?"

மாரிச்செல்வி வாசலைப் பார்த்தாள். வெளியே பெஞ்சில் அடுத்த ஆள் காத்திருந்தாள்.

"எனக்கு இன்னும் போகல சிஸ்டர். அதோடயேதான் கேட்டுக்கிட்டிருக்கேன்."